மஞ்சள் கம்பிக்கு வெளியே நிற்கிறவன்

மழைக்காலம் வரப்போகிறது என்றால் என் வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு முதலில் தெரிந்துவிடும். மே மாதக் கடைசியில் வட்டவளைப் பக்கம் மேகம் இறங்கும்போதே உள்ளுக்குள் ஒரு இழுவை. "என்னடா நொண்டுற" என்று கேட்கிறவர்களிடம் "ஒரு வேன் ஏறினது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இதுவரை முழுக் கதையை எங்கேயும் எழுதவில்லை. போன வாரம் ஒரு பெற்றோல் செட்டில் ஒரு பையனுடன் பேசிய இரண்டு வார்த்தை மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் மூன்று வருடம் பெற்றோல் செட்டில் எண்ணெய் அடித்தவன். 2019 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை. உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட் வரும் வரைக்கும் சும்மா இருக்காதே என்று மாமா கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ரிசல்ட் வந்தது, நான் செட்டிலேயே இருந்துவிட்டேன், அது வேறு கதை. ஏ7 வீதியில், அதாவது அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற அந்த ரோட்டில்தான் செட். எந்த ஊர், யாருடையது என்பதெல்லாம் வேண்டாம், முதலாளி இன்னும் என்னைக் கண்டால் சிரிப்பார்.

கொழும்புப் பக்கம் செட் என்றால் மைதானம் மாதிரி இருக்கும். மலையில் அப்படி இடம் எங்கே கிடைக்கும்? மண்ணை வெட்டி, ஒரு பக்கம் கருங்கல் சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் கிடைத்த தட்டையில் இரண்டு மெசின். தட்டை என்பது பேச்சுக்குத்தான், ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால் ரோட்டுப் பக்கம் உருளும். எலுமிச்சம்பழம் உருளுகிற இடத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியும் உருளும். ஹேண்ட் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிற பழைய லொறியை நான் விரல் விட்டு எண்ணலாம். கிளீனர் குதித்து இறங்கி டயருக்குப் பின்னால் கட்டையைப் போட்ட பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். கிளீனர் இல்லாமல் தனியாக வருகிற லொறி என்றால் கட்டை போடுகிற வேலையும் எங்களுடையதுதான், ஒரு கையில் நொசல், ஒரு காலால் கட்டையைத் தள்ளுவது. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, முதல் வாரத்தில் ஒரு மரக்கறி லொறி நொசலோடு ஒன்றரை அடி பின்னால் நகர்ந்ததைப் பார்த்த அன்று நானாகக் கற்றுக்கொண்டேன்.

சரி, காலுக்கு வருகிறேன். 2021, ஒரு சனிக்கிழமை. பனி மூட்டம், பகல் மூன்று மணிக்கே லைட் போட்டுக்கொண்டு வண்டிகள். கொழும்பிலிருந்து வந்த ஒரு வேன், உள்ளே குடும்பம், டெவன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கு ஏறுகிறார்கள் போல. டீசல் அடித்தேன், காசும் வாங்கினேன், மூடியையும் இறுக்கினேன். டிரைவர் போனில் பேசிக்கொண்டே வண்டியை எடுத்தார். கெட்டவர் இல்லை, கோபக்காரரும் இல்லை, மிச்சக் காசில் நூறு ரூபாயை "வச்சுக்க மல்லி" என்று, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தந்தவர். முன் டயர் என்னைத் தாண்டிப் போய்விட்டது, இனி என்ன என்று நான் மெசின் பக்கம் திரும்பி நொசலைக் கொளுவினேன். அவர் மெசின் இருக்கிற திண்ணையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவதற்காக ஸ்டியரிங்கை என் பக்கமாக ஒடித்தார். அவ்வளவுதான், பின் டயர் என் பாதத்தின் ஓரத்தில் ஏறி இறங்கியது. சத்தம் எதுவும் இல்லை. முதலில் வலிகூட இல்லை, சப்பாத்துக்குள் சூடான தண்ணீர் ஊற்றியது போல இருந்தது.

இதை வாகனம் ஓட்டுகிற எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வளைவில் முன் டயர் போன தடத்தில் பின் டயர் போகாது. அது உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கு வெட்டு அதிகம், அதனால்தான் நீட்டு பஸ் கினிகத்தேனை வளைவுகளில் எதிர்ப்பக்கம் வரைக்கும் போய்த் திரும்புகிறது. டேங்க் மூடி பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கம்தான் இருக்கிறது, எண்ணெய் அடிக்கிறவன் நிற்பதும் பின் டயருக்குப் பக்கத்தில்தான். டிரைவர் பார்ப்பது முன்னால், ரோட்டில் வண்டி வருகிறதா என்று. முன் டயர் தாண்டிவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிற அந்த இரண்டு வினாடியில்தான் பாதம் போகிறது. எனக்குப் பிறகு எங்கள் செட்டில் ஒரு பழக்கம் வந்தது, மூடியை இறுக்கினவுடன் ஒரு எட்டு எடுத்து மெசின் திண்ணை மேல் ஏறிவிட வேண்டும், அங்கிருந்துதான் கையைக் காட்டிப் "போகலாம்" என்று சொல்ல வேண்டும். முதலாளி சொன்னதில்லை. கால் போன நான் சொன்னது.

அந்தத் திண்ணையைப் பற்றி ஒன்று. எந்த செட்டுக்குப் போனாலும் பாருங்கள், மெசினுக்கு இரண்டு முனையிலும் தடித்த இரும்புக் குழாய் நட்டு, உள்ளே கொங்கிரீட் நிரப்பி, மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வண்டி வந்து இடித்தால் மெசின் விழக்கூடாது, விழுந்தால் தீப் பிடிக்கும், நியாயம்தான். மெசினுக்கு அந்தக் கம்பி. எண்ணெய் அடிக்கிறவன் அந்தக் கம்பிக்கு வெளியே, இரண்டு வண்டிக்கு நடுவில் நிற்கிறான். எங்கள் செட்டில் நான்கு கெமரா இருந்தது, ஒன்று காசு மேசைக்கு, இரண்டு நொசலுக்கு, ஒன்று பவுசர், அதாவது எண்ணெய் கொண்டுவருகிற டேங்கர் லொறி, எண்ணெய் இறக்குகிற குழிக்கு. என் காலில் வேன் ஏறியது எதிலும் விழவில்லை.

இனி 2022.

எரிபொருள் தட்டுப்பாடு வந்த அந்த வருடத்தை மலையகத்தில் மட்டுமில்லை நாடு முழுக்க யாரும் மறக்கமாட்டார்கள், ஆனால் வரிசையில் நின்றவர்கள் வரிசையைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், வரிசை முடிகிற இடத்தில் நின்ற எங்களை யாரும் நினைப்பதில்லை. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவுக்கு அடித்த பெற்றோல் ஜூன் 26ஆம் திகதி 470 ரூபா, டீசல் 460. அதற்கு அடுத்த நாளே அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள், ஜூலை 10 வரை மற்றவர்களுக்கு இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால், மார்ச்சிலேயே, செட்டுகளுக்கு ஆமியைப் போட்டார்கள். ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டு ரோட்டை மறித்த சனங்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் செத்துப்போனார். அன்று இரவு எங்கள் செட்டில் நாங்கள் ஐந்து பேரும் லைட்டை அணைத்துவிட்டு ஒபீஸ் ரூமுக்குள் உட்கார்ந்திருந்தோம். வெளியே ரோட்டில் வரிசை இருந்தது. உள்ளே எண்ணெய் இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தோம், நம்பினவர்கள் பாதிப் பேர்தான்.

"ஒளிச்சு வச்சிருக்கீங்க." தினமும் நூறு தடவை கேட்டேன் இதை. சிங்களத்திலும் தமிழிலும். தோட்டத்திலிருந்து மண்ணெண்ணெய் போத்தலோடு விடியற்காலை இறங்கி வந்த ஆயா ஒருத்தி, எங்கள் தோட்டத்து ஆள்தான், "நீயுமா தம்பி" என்றார். அது மற்ற எல்லாத் திட்டையும்விடக் கூடுதலாக உறைத்தது. ஒளித்துவைத்த செட் இருக்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் எங்கேயாவது ஒளித்துவைத்தவர் முதலாளியாகத்தான் இருப்பார், அறை வாங்கினவன் எண்ணெய் அடிக்கிறவன்.

ஒரு பையனை மறக்கவே முடியாது. என் வயதுதான் இருக்கும். பைக், முறைக்கு முன்னால் பூந்துவிட்டான், வரிசையில் நின்றவர்கள் கத்துகிறார்கள், நான் "பின்னால போங்க, இவங்க அடிப்பாங்க" என்றேன். அவன் பேசவில்லை. முன் டயரை என் இரண்டு முழங்காலுக்கு நடுவில் கொண்டுவந்து விட்டான். எனக்குப் பின்னால் மெசின். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ரேஸ் கொடுக்கிறான், வண்டி உறுமுகிறது, டயர் ரப்பரின் சூடு களிசானுக்கு ஊடாகத் தெரிகிறது, அவன் இடது கையில் நான்கு விரல், அந்த நான்கு விரல் நழுவினால் என் இடுப்பு மெசினோடு ஒட்டிக்கொள்ளும். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? பின்னால் நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

எண்ணெய் அடிக்க வண்டியோடு வரும்போது மனிதனுக்கு என்ன ஆகிறது என்று நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அதே ஆள் கடையில் தேங்காய் வாங்கும்போது இப்படி இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் அவர் உயரம் கூடிவிடுகிறது, கண்ணாடியை நான்கு விரல் இறக்கி அதற்குள்ளால் பேசுகிறார், ஹோர்ன் அடித்தே ஆளைக் கூப்பிடுகிறார். எங்களுடன் வேலை செய்த அக்கா ஒருத்தர் இருந்தார், அவர் ஹோர்னுக்குப் போகவே மாட்டார். "வாயத் தொறந்து கூப்பிடட்டும், நான் என்ன ஆடா மாடா" என்று நின்ற இடத்திலேயே நிற்பார். அவருக்கு நடந்த தொல்லைகள் வேறு மாதிரி, இரவு எட்டு மணிக்கு மேல் அவரை ரோட்டுப் பக்க மெசினில் நிறுத்துவதில்லை என்று நாங்களே பேசி வைத்திருந்தோம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். காசு கொடுக்காமல் ஓடுகிறவர்கள்.

நம் ஊரில் அது அடிக்கடி நடப்பதில்லை. ஆயிரத்துக்கு அடி, இரண்டாயிரத்துக்கு அடி என்று கேட்கிறவர்கள் காசைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். ஆபத்து "ஃபுல் பண்ணுங்க" என்கிறவரிடம். எங்கள் செட்டில் மூன்று வருடத்தில் என் கண் முன்னால் நடந்தது நான்கு தடவை. அதில் ஒன்று 2022 ஜூலையில். அத்தியாவசிய சேவை என்று ஒரு கடிதத்தைக் காட்டிவிட்டு வந்த வேன், டீசல் 40 லீற்றர், 460 ரூபாப்படி 18,400 ரூபா. அடித்து முடித்து மூடியை இறுக்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அடித்தது நானில்லை, எங்களோடு வேலை செய்த அண்ணன் ஒருவர், மூன்று பிள்ளைக்காரர். அவர் ஓடினார். ஓடி முன்னால் போய் டிரைவர் பக்கத்துச் சைட் கண்ணாடியைப் பிடித்துவிட்டார். வண்டி நிற்கவில்லை. கண்ணாடியோடு பத்துப் பதினைந்து அடி இழுபட்டு, கண்ணாடி முறிந்து, அவர் ரோட்டோரக் கானுக்குள், தண்ணீர் ஓடுகிற வடிகாலுக்குள், விழுந்தார். மேலே இருந்து பஸ் ஏதும் வரவில்லை, அது அவர் பிள்ளைகள் செய்த புண்ணியம். முழங்கை கிழிந்து தொங்கியது. அந்தக் கையில் உடைந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே எழும்பி வந்தார்.

ஏன் ஓடினார்? வீரத்துக்கா? அடிதடிக்காரரா? பூனைக்குக்கூடக் கையை ஓங்காத மனிதர். அவர் ஓடினது ஷோர்ட்டுக்குப் பயந்து. ஷிப்ட் முடிந்து மீட்டரையும் காசையும் ஒப்பிடும்போது குறைந்தால் அதற்கு ஷோர்ட் என்று பெயர், அது அந்த மெசினில் நின்றவனின் சம்பளத்தில் கழியும். அவசரத்தில் மிச்சக் காசு கூடிப் போனாலும் ஷோர்ட், கள்ள நோட்டு வந்தாலும் ஷோர்ட், வண்டி ஓடினாலும் ஷோர்ட். 18,400 ரூபா என்பது அன்று எங்கள் மாசச் சம்பளத்தில் பாதிக்கு மேலே. அந்த மனிதர் ஓடினது அரை மாதச் சாப்பாட்டுக்குப் பின்னால். அதைத் தெரிந்துகொண்டு "ஏன் ஓடினாய், உயிர் பெரிசா காசு பெரிசா" என்று முதலாளி கேட்டாரே, எனக்கு அன்றுதான் உண்மையான கோபம் வந்தது. ஓடாதே என்று சுவரில் எழுதி ஒட்டினால் போதாது ஐயா. ஓடிப்போன வண்டிக்குக் கழிக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், உலகத்தில் ஒருவனும் வண்டிக்கு முன்னால் போய் நிற்கமாட்டான்.

கழித்தார். மூன்று தவணையாக. அதைப் பெரிய மனதுபோல் சொன்னார்.

கனடாவில் இருக்கிற என் கூட்டாளியிடம் இதைச் சொன்னபோது அவன் அங்கே நடந்த ஒன்றைச் சொன்னான், பிறகு நானும் தேடி வாசித்தேன். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மேப்பிள் ரிட்ஜ் என்று ஒரு ஊர், 2005 மார்ச். இரவு ஷிப்டில் இருந்த 24 வயதுப் பையன். ஒரு கார் பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் போகப் பார்த்தது, களவெடுத்த கார், ஓட்டினவனுக்கு 16 வயது. மறிக்கப் போன பையன் காருக்கு அடியில் சிக்கி ஏழு கிலோமீட்டருக்கு மேல் இழுபட்டுச் செத்துப்போனான். கொடுக்காமல் ஓடிய காசு 12 டொலர் 30 சதம். அவனுடைய அம்மாவும் அப்பாவும் விடவில்லை, கத்திக் கத்தி 2008 பெப்ரவரியிலிருந்து அந்த மாகாணம் முழுக்க, இரவோ பகலோ, முதலில் காசு, பிறகுதான் எண்ணெய் என்று சட்டம் வந்தது. அந்தப் பையனின் பெயரில் க்ரான்ட் சட்டம் என்கிறார்கள். அல்பேர்ட்டா மாகாணமும் 2018இல் அதே மாதிரிக் கொண்டுவந்தது. வாசித்துவிட்டு எங்கள் அண்ணனின் முழங்கையை நினைத்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து அடிதான் இழுபட்டார். கண்ணாடி முறிந்ததால் பிழைத்தார்.

இதை இங்கே சொன்னால் உடனே வருகிற பதில் தெரியும், "நம்ம ஆளுங்களுக்கு அது சரிவராது, முதல்ல காசு கேட்டா எங்களக் கள்ளனாப் பாக்கிறியான்னு சண்டைக்கு வருவாங்க." முதலாளியும் இதையேதான் சொன்னார். மாதக் கணக்கில் ஓடருக்கு அடிக்கிற தோட்டத்து லொறிகள் இருக்கின்றன, தெரிந்த பஸ்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்க வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றவர்கள்? 2022 ஜூலைக் கடைசியிலிருந்து எரிபொருளுக்குப் பங்கீடு போட்ட கியூ.ஆர். முறை வந்தது நினைவிருக்கிறதா? பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர், த்ரீவீலருக்கு 5, காருக்கு 20. நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம் பார்த்து நாள். போனை நீட்டி, ஸ்கேன் பண்ணி, பச்சை விழுந்த பிறகுதான் ஒரு சொட்டு. அமைச்சர் வீட்டு வண்டி மாதிரி தோரணையாக வருகிறவர்களும் கண்ணாடியை இறக்கிப் போனை நீட்டினார்கள். 2023 செப்டெம்பர் முதலாம் திகதி நிறுத்தும் வரைக்கும் ஒரு வருடத்துக்கு மேல் நாடு முழுக்க எண்ணெய்க்கு முன்னால் கையை நீட்டி நின்றது, எங்களைக் கள்ளனாகப் பார்க்கிறாயா என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் அவமானமில்லை. ஆளைப் பார்த்துக் கேட்டால்தான் சண்டை. 'முதலில் காசு' என்ற போர்டு ஒன்று, அதுவும் சிங்களத்திலும் தமிழிலும், அவ்வளவுதான் செலவு. ஃபுல் டேங்க் கேட்கிறவர் ஒரு தொகையைச் சொல்லி முன்னால் கொடுக்கட்டும், மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுக்கிறோம். கார்ட் இருந்தால் இன்னும் லேசு.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. காசு முதலில் வாங்கிவிட்டால் எண்ணெய் அடித்த பிறகு மிச்சக் காசு கொடுக்க, கார்ட் மெசின் கொண்டுவர என்று டிரைவரின் ஜன்னலுக்கும் மெசினுக்கும் நடுவில், வண்டி ஸ்டார்ட் பண்ணி நகரத் துடிக்கிற அந்த நேரத்தில் நடந்து திரிய வேண்டியதில்லை. மூடியை இறுக்கினோமா, திண்ணையில் ஏறினோமா, முடிந்தது. என் இரண்டு விரலும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

எஞ்சினை நிற்பாட்டுங்கள் என்று நாங்கள் கெஞ்சுவதற்கும் காரணம் அதுதான், பாதிக் காரணம். மற்றப் பாதி தீ. பெற்றோல் மைனஸ் 40 பாகை அளவிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும், அதனால் "இந்தக் குளிருக்கு என்னா ஆகப்போகுது" என்று சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு த்ரீவீலரில் சாய்ந்து நிற்கிறவருக்குச் சொல்கிறேன், நுவரெலியாக் குளிரெல்லாம் பெற்றோலுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். எங்கள் செட்டில் பள்ளம் இருந்தது ரோட்டோரக் கான் பக்கம், எல்லாரும் சிகரெட் பிடிக்க ஒதுங்குகிற இடமும் அதுவே. நல்ல யோசனை!

பஸ்காரர்கள் எஞ்சினை நிற்பாட்ட மறுப்பது திமிரில் என்று முதலில் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பாதி பஸ்ஸில் பெற்றரி செத்தது, நிற்பாட்டினால் தள்ள வேண்டும், இந்த ஏற்றத்தில் யார் தள்ளுவது. அதனால் அந்தச் செத்த பெற்றரியின் ஆபத்தையும் நாங்கள் சுமந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற பஸ், கியரிலிருந்து நழுவினால் ஆறேழு தொன் இரும்பு, அதன் பின் டயருக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற நான். டீசல் சிந்தின கொங்கிரீட்டில் மழைத்தண்ணியும் சேர்ந்தால் மனிதனும் வழுக்குவான், டயரும் வழுக்கும். மரத்தூள் ஒரு சாக்கு வைத்திருந்தோம், மரமடுவத்தில் சும்மா கிடைக்கிறது, சிந்தினவுடன் ஒரு கை அள்ளிப் போட்டுக் கூட்டினால் போதும். அது தீருகிற அன்று இன்னொரு சாக்கு கொண்டுவர யாருக்கும் நேரம் இருக்காது.

பவுசர் இரவில்தான் வரும். 13,200 லீற்றர் பவுசரை ரோட்டிலிருந்து அந்தச் சின்ன முற்றத்துக்குள் ரிவர்ஸில் எடுக்க வேண்டும், பனியில், ஒருவன் பின்னால் டோர்ச் அடித்துக்கொண்டு "இங்க வா, வா, வா" என்பான். பழைய டிரைவர் ஒருவர் எனக்குச் சொன்னது இது: "மல்லி, கண்ணாடியில என் முகம் ஒனக்குத் தெரியுதா? தெரிஞ்சாத்தான் நீ எனக்குத் தெரியுவ. தெரியலன்னா நீ இல்ல, நான் வண்டிய எடுத்துருவேன்." இன்றைக்கும் எந்த வண்டிக்குப் பின்னால் நடந்தாலும் முதலில் கண்ணாடியில் டிரைவரின் முகத்தைத்தான் தேடுகிறேன்.

வெளிச்சம் பட்டால் மின்னுகிற அந்த ஜெக்கெட் எங்கள் செட்டுக்கு வந்தது, கம்பனி ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த ஒரு நாள். ஐந்து பேருக்கு மூன்று. அடுத்த வாரம் மழைக்கு ரெயின்கோட்டை அதற்கு மேல் போட்டோம், கறுப்பு ரெயின்கோட். அந்தப் பனியில் கறுப்புக் கோட்டோடு ரோட்டோரத்தில் நின்ற நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்று இப்போது பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போகும்போதுதான் புரிகிறது. தெரியவே மாட்டோம்.

அடிபட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைச் செட்டில் வேலை செய்கிற யாராவது வாசித்தால் உதவும். எனக்கு 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது, காசு இல்லை, நல்ல பிள்ளைகள், சப்பாத்தை வெட்டி எடுத்தது அவர்கள்தான். ஆஸ்பத்திரியில் "எங்க அடிபட்டது" என்று கேட்கும்போது கூட வந்தவர் "ரோட்ல" என்று சொல்லிவிட்டார், யாருக்கும் தொல்லை வேண்டாம் என்று. நானும் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விட்டது. வேலை செய்கிற இடத்தில் அடிபட்டவனுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1934இலிருந்து இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஆனால் நீ அங்கே வேலை செய்தாய் என்பதற்கும் அங்கேதான் அடிபட்டாய் என்பதற்கும் காகிதம் வேண்டும். எனக்கு அப்போது ஈ.பீ.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்டியிருக்கவில்லை. நம் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், கட்டியிருந்தால் வயதான காலத்துக்குக் காசு மட்டுமில்லை, நான் அந்த செட்டின் ஆள் என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டு விரல் முறிந்து ஆறு கிழமை லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், படுத்திருந்தேன், முதலாளி ஒரு தடவை ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து பார்த்தார், அரைச் சம்பளமும் கொடுத்தார். அவர் கொடுத்தது எனக்கு உரிமையாகச் சேர வேண்டியது என்று தெரியாமல் நான் இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டேன். அம்மா இன்றைக்கும் அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை.

இப்போது நான் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், பைக் ஒன்று இருக்கிறது. போன வாரம் பொகவந்தலாவைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு செட்டில் நிறுத்தினேன். பத்தொன்பது இருபது வயதுப் பையன், தோட்டத்துப் பையன் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்ற மெசினில் ஒரு வேனுக்கு ஃபுல் அடித்து முடித்துவிட்டு, டிரைவர் பர்ஸைத் தேடிக்கொண்டிருக்க, அவன் வேனுக்கு நேர் முன்னால், பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். எஞ்சின் ஓடுகிறது. இறக்கம் அவன் பக்கம்.

காசை வாங்கிக்கொண்டு அவன் என்னிடம் வந்தபோது என் காலைக் காட்டிக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். "வண்டிக்கு முன்னால நிக்காத தம்பி. சைட்ல நில்லு, திண்ணை மேல ஏறி நில்லு."

நொசலை என் டேங்கில் வைத்துக்கொண்டே சிரித்தான்.

"சைட்ல நின்னா போயிருவாங்க அண்ணே. ஷோர்ட் எனக்குத்தானே."

அடிப்பதற்கு முன்பே ஆயிரம் ரூபாவை நீட்டினேன். ஒரு கணம் விளங்காமல் பார்த்தான். "அடிச்சிட்டுத் தாங்கண்ணே, பரவாயில்ல" என்றான்.